சமூகப் பணியாளர்கள் கூடினால் ஏன் வேலைப்பளுவைப் பேசுகிறார்கள்?

சமூகப் பணியாளர்கள் நாலு பேர் ஓரிடத்தில் கூடினால் பேச்சு எப்படிப் போகும் என்பது அந்தத் துறைக்குப் பக்கத்தில் இருப்பவர்களுக்குத் தெரியும். குடும்ப வன்முறை, போதை, கடன், கவனிப்பாரற்ற முதியவர்கள் என்றுதான் தொடங்கும். கொஞ்ச நேரத்திலேயே ஃபைல், ரிப்போர்ட், ஆள் பற்றாக்குறை, தலைக்கு எத்தனை கேஸ் என்று திரும்பிவிடும். வெளியிலிருந்து கேட்பவருக்கு இது ஏமாற்றமாகக்கூட இருக்கலாம். அடுத்தவர் கஷ்டத்தைப் பேச வந்தவர்கள் சொந்தக் கஷ்டத்தைப் பேச உட்கார்ந்துவிட்டார்களே என்று தோன்றும்.

உண்மையில் பேச்சு திசை மாறவே இல்லை. வாரம் ஒருமுறை பார்க்கவேண்டிய குழந்தையை மாதம் ஒருமுறைதான் போய்ப் பார்க்க முடிகிறது என்று வைத்துக்கொள்வோம். இது பணியாளரின் வேலைப்பளுப் பிரச்சினையா, குழந்தையின் பாதுகாப்புப் பிரச்சினையா? நிர்வாகக் கூட்டத்தில் அது முதலாவதாகப் பதிவாகும். ஏதாவது அசம்பாவிதம் நடந்தபின் விசாரணையில் இரண்டாவதாகப் பதிவாகும். நடந்தது ஒன்றுதான். இதை இரண்டாகப் பிரித்துப் பார்க்கும் பழக்கம் இந்தத் தொழிலின் பிறப்பிலேயே இருக்கிறது.

1869இல் லண்டனில் சாரிட்டி ஆர்கனைசேஷன் சொசைட்டி தொடங்கப்பட்டது. உதவி கேட்டவரின் வீட்டுக்கு ஆள் அனுப்பி விசாரிப்பது, தேவையைக் குறித்துவைப்பது, ஒருவருக்கே இரண்டு இடங்களிலிருந்து உதவி போகாமல் பார்த்துக்கொள்வது என்பது அதன் வழிமுறை. அமெரிக்க நகரங்களிலும் அது பரவியது. அந்த மரபில் வளர்ந்த மேரி ரிச்மண்ட், ஒரு குடும்பத்தின் நிலையை எப்படிச் சான்று திரட்டி ஆராய்வது என்பதை 1917இல் ஒரு பெரிய நூலாக முறைப்படுத்தினார். இன்றைய கேஸ் ஃபைலின் பூர்வீகம் அங்கேதான்.

இன்னொரு மரபு இதற்கு நேர் எதிர்த் திசையிலிருந்து வந்தது. 1884இல் லண்டனில் டாய்ன்பி ஹால், 1889இல் சிகாகோவில் ஜேன் ஆடம்ஸும் எலன் கேட்ஸ் ஸ்டாரும் தொடங்கிய ஹல் ஹவுஸ் ஆகியவை இதன் முன்னோடிகள். படித்தவர்கள் ஏழைகள் வாழும் பகுதிக்கே குடிபோனார்கள். ஹல் ஹவுஸில் தங்கியிருந்த ஃப்ளாரன்ஸ் கெல்லி, அக்கம்பக்கத்துத் தையல் பட்டறைகளில் குழந்தைகளும் பெண்களும் எப்படி வேலை வாங்கப்படுகிறார்கள் என்று தேடிப் பதிவு செய்தார். அந்த உழைப்பின் பின்னணியில் 1893இல் இல்லினாய் மாநிலத்தில் ஒரு தொழிற்சாலைச் சட்டம் வந்தது. பதினான்கு வயதுக்குக் குறைந்தவர்களை வேலைக்கு வைக்கத் தடை, பெண்களுக்கு நாளொன்றுக்கு 8 மணி நேர வரம்பு. சட்டத்தை நடைமுறைப்படுத்தும் தலைமை ஆய்வாளராகக் கெல்லியே நியமிக்கப்பட்டார். 8 மணி நேர வரம்பை 1895இல் மாநில உச்ச நீதிமன்றம் தள்ளிவிட்டது என்பதையும் சொல்லவேண்டும்.

இருமிக்கொண்டிருக்கும் ஒரு சிறுமியைப் பார்த்தால் முதல் மரபு அவள் வீட்டைப் பற்றிக் கேட்கும். இரண்டாவது மரபு அவள் வேலை செய்த பட்டறையைப் பற்றிக் கேட்கும். இரண்டும் வேண்டிய கேள்விகள். ஆனால் பல்கலைக்கழகமும் அரசுத் துறையும் முதல் கேள்விக்குத்தான் எளிதில் இடம் கொடுத்தன. அதைக் கற்பிக்கலாம், படிவமாக்கலாம், எண்ணலாம். கல்வியாளர் ஆப்ரஹாம் ஃப்ளெக்ஸ்னர் 1915இல் பால்டிமோரில் நடந்த மாநாட்டில், சமூகப் பணி இன்னும் ஒரு முழுமையான தொழிலாகவில்லை என்று சொல்லிவிட்டுப் போனார். அதன்பின் தங்களுக்கென்று தனியான நுட்பம் உண்டு என்று நிரூபிக்கும் அவசரம் அந்தத் துறையைப் பிடித்துக்கொண்டது. 1929இல் சமூகப் பணிக் கல்வியாளர் போர்ட்டர் லீ, ஓர் இலட்சியமாகத் தொடங்கிய சமூகப் பணி சமூகத்தின் வழக்கமான அலுவல்களில் ஒன்றாக மாறிவருவதைக் கவனித்துப் பேசினார். இரண்டும் சேர்ந்தே இருக்கவேண்டும் என்பது அவர் விருப்பம். சம்பளப் பட்டியலில் அலுவலுக்குத்தான் இடம் இருந்தது.

இந்த வரலாற்றின் எச்சம் இன்றைய வேலை நாளில் கேஸ் எண்ணிக்கையாக வந்து நிற்கிறது.

ஒரு கேஸ் என்று வெளியே தெரிவது ஒரு ஹோம் விசிட், ஒரு மணி நேரப் பேச்சு. உள்ளே இருப்பது வேறு. போவதற்குமுன் பழைய ஃபைலைப் படிக்கவேண்டும். பள்ளி ஆசிரியரையும் மருத்துவரையும் போனில் பிடிக்கவேண்டும். அவர்கள் எடுக்கமாட்டார்கள், மறுபடி அடிக்கவேண்டும். போய்க் கதவைத் தட்டினால் வீட்டில் ஆள் இருக்காது. திரும்பி வந்து ‘வீட்டில் ஆள் இல்லை’ என்று பதிவு செய்யவேண்டும், அதற்கும் நேரம் ஆகும். பார்த்துப் பேசினால் குறிப்பு, குறிப்பிலிருந்து மதிப்பீடு, மதிப்பீட்டிலிருந்து திட்டம், நீதிமன்றம் கேட்டிருந்தால் அதற்கென்று தனி ரிப்போர்ட். வேறு துறைக்கு ரெஃபர் செய்தால் வேலை குறையும் என்று நினைக்கத் தோன்றும். அந்தத் துறையின் காத்திருப்புப் பட்டியலில் அவர் பெயர் எந்த இடத்தில் இருக்கிறது என்று விசாரித்துக்கொண்டே இருப்பதும் இவர் தலையில்தான் விழும்.

அதனால் தலைக்கு இத்தனை கேஸ் என்ற எண் சொல்வது குறைவு, மறைப்பது அதிகம். ஓய்வூதியத் தாள்கள் சிக்கிக்கொண்ட ஒரு முதியவர் ஒரு கேஸ். அடிக்கும் தந்தை, மனநோயோடு போராடும் தாய், வெவ்வேறு பள்ளிகளில் மூன்று பிள்ளைகள், நிலுவையில் ஒரு வழக்கு என்றிருக்கும் குடும்பமும் பல இடங்களில் கணக்குப்படி ஒரு கேஸ்தான். பதினைந்து கேஸ் வைத்திருப்பவர் முப்பது கேஸ் வைத்திருப்பவரைவிட மூச்சுத்திணறுவது சாதாரணம். எடைபோட்டு எண்ணும் முறைகள் இல்லாமலில்லை. ஆனால் எடைபோட்டால் இன்னும் ஆள் தேவை என்ற உண்மை தாளில் தெரிந்துவிடும். எண்ணிக்கையோடு நிர்வாகங்கள் நின்றுகொள்வதற்கு அதுவும் ஒரு காரணம் என்றுதான் நான் நினைக்கிறேன்.

நேரம் போதாதபோது என்ன நடக்கிறது என்பதைத் தெளிவாக எழுதியவர் அமெரிக்க அரசியல் அறிஞர் மைக்கேல் லிப்ஸ்கி. ஆசிரியர், காவலர், சமூகப் பணியாளர் போன்று மக்களை நேரில் சந்திக்கும் அரசு ஊழியர்களை அவர் 1980இல் ஆராய்ந்து எழுதினார். கொள்கை என்பது மேலே தாளில் எழுதப்படுவது மட்டுமில்லை. வரிசையில் நிற்பவரிடம் இந்த ஊழியர் எப்படி நடந்துகொள்கிறார் என்பதே அந்த மனிதருக்குக் கிடைக்கும் கொள்கை என்றார். வேலை மலையாகக் குவிந்து வசதி குறைந்திருக்கும் நிலையில், யாருக்கு எவ்வளவு கவனம் என்று பங்குபோட்டே ஆகவேண்டும். யாரும் உத்தரவு போடாமலேயே அந்தப் பங்கீடு நடக்கும்.

எப்படி நடக்கிறது என்பதுதான் கவனிக்கவேண்டிய விஷயம். அடிக்கடி போன் செய்பவரின் ஃபைல் மேலே வரும். கோபப்படுபவருக்கு உடனே பதில் கிடைக்கும். கடைசித் தேதி உள்ள வேலை முதலில் முடியும். படிவத்தைத் தானே சரியாக நிரப்பத் தெரிந்தவர் முன்னே போய்விடுவார். பேசத் தயங்குபவர், ‘உங்களுக்கு எதற்கு வீண் சிரமம்’ என்று சொல்லிவிட்டு உட்கார்ந்திருக்கும் பாட்டி, அதிகாரிகளைக் கண்டாலே பயப்படும் குடியேறியவர் ஆகியோரின் ஃபைல்கள் அடியில் போய்விடும். இதில் யாருடைய கெட்ட எண்ணமும் இல்லை. ஆனால் எவருக்காக இந்தத் தொழில் இருக்கிறதோ அவரே முதலில் விடுபடுகிறார். சமூக ஏற்றத்தாழ்வைக் குறைக்கப் போனவரின் நேர நெருக்கடி, தன் பங்குக்கு ஓர் ஏற்றத்தாழ்வை உண்டாக்குகிறது. இதைப் பற்றிப் பணியாளர்கள் தங்களுக்குள் பேசினால் புலம்பல் என்கிறார்கள்.

இத்தோடு பழி பற்றிய பயமும் சேர்ந்தால் நிலைமை இன்னும் இறுகிவிடும். 2000ஆம் ஆண்டு பிப்ரவரியில் லண்டனில் விக்டோரியா கிளிம்பியே என்ற எட்டு வயதுச் சிறுமி, பராமரிக்க வேண்டியவர்களாலேயே சித்திரவதை செய்யப்பட்டு இறந்தாள். சமூகப் பணித் துறை, காவல்துறை, மருத்துவமனை எல்லாம் அவளை அறிந்திருந்தன. லார்ட் லாமிங் நடத்திய விசாரணையின் அறிக்கை 2003இல் 108 பரிந்துரைகளோடு வந்தது. களத்தில் இருந்த கீழ்நிலைப் பணியாளரை மட்டும் குற்றம் சொல்லித் தப்பிக்க முடியாது, மேலே இருந்தவர்களின் பொறுப்பு பெரியது என்பதை அது வெளிப்படையாகவே சொன்னது. ஆனால் ஒரு துயரம் நடந்ததும் அமைப்புகள் எடுக்கும் முதல் நடவடிக்கை எங்கும் ஒன்றுபோலத்தான் இருக்கிறது: இன்னொரு படிவம், இன்னொரு கட்டாயக் கையெழுத்து, இன்னொரு காலக்கெடு.

இங்கிலாந்தின் குழந்தைப் பாதுகாப்பு முறையை ஆராய்ந்த பேராசிரியர் ஐலீன் மன்ரோ 2011இல் தந்த இறுதி அறிக்கை இதைத்தான் சுட்டியது. விதிகளைச் சரியாகப் பின்பற்றினோமா என்று பார்ப்பதிலேயே அமைப்பு மூழ்கிவிட்டது, அதனால் குழந்தைக்கு நன்மை நடந்ததா என்று பார்ப்பது பின்னுக்குப் போய்விட்டது என்பது அவர் கணிப்பு. ஒவ்வொரு விதியும் தனியாகப் பார்த்தால் நியாயமாகத்தான் தெரியும். எல்லாம் சேரும்போது குழந்தையோடு தரையில் உட்கார்ந்து பேசும் நேரம் போய்விடும். பயந்துபோன பணியாளர் தன்னைக் காத்துக்கொள்ளும் வகையில் எழுதக் கற்றுக்கொள்கிறார். ‘தாயாருக்கு அறிவுறுத்தப்பட்டது’, ‘சம்பந்தப்பட்டோருக்குத் தெரிவிக்கப்பட்டது’ என்று செயப்பாட்டு வினைகளால் நிறைந்த ஃபைலைப் படித்தால், அதை எழுதியவர் யாரை மனதில் வைத்து எழுதினார் என்பது புரிந்துவிடும். அந்தத் தாயாரை இல்லை.

பதற்றத்தைச் சமாளிக்க அமைப்புகள் சடங்குகளை உருவாக்கும் என்பது புதிய கண்டுபிடிப்பும் இல்லை. இசபெல் மென்சீஸ் 1960இல் வெளியிட்ட ஆய்வு, ஒரு லண்டன் மருத்துவமனையின் செவிலியர்களைப் பற்றியது. நோயாளியோடு நெருக்கம் வராதபடி வேலையைத் துண்டுதுண்டாகப் பிரிப்பதும், சின்ன முடிவைக்கூடப் பலமுறை சரிபார்ப்பதும் மன வலியிலிருந்து காக்கும் கவசமாக வந்தவை, கடைசியில் அவையே செவிலியர்களை விரட்டின என்று அவர் காட்டினார். இதைச் சமூகப் பணி அலுவலகம் எதில் வைத்துப் படித்தாலும் பொருந்தும்.

இனி, பர்ன்அவுட். இந்தச் சொல் இப்போது எல்லா அலுவலகங்களிலும் புழங்குகிறது; பிறந்த இடம் சேவைத் துறை. 1974இல் ஹெர்பர்ட் ஃப்ராய்டன்பெர்கர் என்ற உளவியலாளர், இலவச மருத்துவ மையங்களில் உழைத்தவர்கள் கரைந்துபோவதைப் பார்த்து அதை எழுதினார். கிறிஸ்டினா மாஸ்லாக்கும் சூசன் ஜாக்சனும் 1981இல் அதை அளக்கும் கேள்விப் பட்டியலை வெளியிட்டார்கள். உணர்வு வற்றிப்போதல், எதிரே இருப்பவரை மனிதராகப் பார்க்கும் திறன் மங்குதல், எதையும் சாதிக்கவில்லை என்ற எண்ணம் என்று மூன்றை அது அளந்தது. உலகச் சுகாதார நிறுவனம் 2019இல் இதை ஒரு நோயாக வகைப்படுத்தாமல், சரியாகக் கையாளப்படாத வேலையிட நெருக்கடியால் வரும் நிலை என்று குறித்தது.

காரணம் வேலையிடத்தில் இருக்கிறது என்று இவ்வளவு தெளிவாகச் சொல்லப்பட்ட பிறகும், தீர்வுகள் எல்லாம் தனிமனிதரைத் தேடியே வருகின்றன. மூச்சுப் பயிற்சி, யோகா வகுப்பு, ‘உங்களை நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்’ என்ற மின்னஞ்சல். அந்த வகுப்புக்குப் போன ஒரு மணி நேரத்தில் முடியாமல்போன குறிப்புகளை இரவில் உட்கார்ந்து எழுதவேண்டும். ஏழையிடம் ‘உன் பழக்கத்தை மாற்றிக்கொள்’ என்று மட்டும் சொல்வது போதாது என்று கற்றுக்கொண்டு வந்த துறை, தன் ஊழியர்களிடம் அதையே சொல்லிக்கொண்டிருக்கிறது.

சோர்வு என்ற பெயரே பல நேரங்களில் பொருந்துவதில்லை. செவிலியர் அறத்தைப் பற்றி எழுதிய ஆண்ட்ரூ ஜேம்ட்டன் 1984இல் வேறொன்றைச் சுட்டினார்: செய்யவேண்டியது எது என்று தெளிவாகத் தெரியும், நிறுவனத்தின் கட்டுப்பாடுகள் அதைச் செய்யவிடாது, அதனால் வரும் வேதனை. இதை அறநெருக்கடி என்று சொல்லலாம். களைத்துப்போனவருக்கு விடுமுறை உதவும். அறநெருக்கடியில் இருப்பவர் விடுமுறை முடிந்து வந்தால் அதே ஃபைல், அதே பதில். அடி வாங்கும் ஒரு பெண் வீட்டைவிட்டு வெளியேறச் சம்மதிக்கிறாள். பல மாதப் பேச்சுக்குப்பின் வந்த சம்மதம் அது. அன்றைக்குக் காப்பகத்தில் இடம் இல்லை. அவள் திரும்பிப் போகிறாள். இதைப் பார்த்துக்கொண்டிருந்த பணியாளருக்கு என்ன வந்திருக்கிறது என்று எந்த மனநலக் கேள்விப் பட்டியலைக் கொண்டு அளப்பது? அவர் உடைந்துபோயிருந்தால் அவரிடம் கோளாறு என்று அர்த்தமில்லை. மதிப்பீடு சரியாக இருந்தது, இடம் இல்லை. அவ்வளவுதான்.

எந்தச் சோர்வும் இல்லாமல், இடம் இல்லை என்று சொல்லிவிட்டு அடுத்த ஃபைலை இயல்பாக எடுப்பவரைப் பற்றித்தான் எனக்கு அதிகக் கவலை.

இந்த நெருக்கடியைத் தாங்கத் தொழிலுக்குள்ளேயே ஓர் ஏற்பாடு உண்டு. சூப்பர்விஷன், அதாவது மூத்தவரோடு கேஸ்களைப் பற்றி முறையாக உட்கார்ந்து பேசுவது. சமூகப் பணிப் பேராசிரியர் ஆல்ஃப்ரெட் கடுஷின் அதற்கு மூன்று வேலைகளைச் சொன்னார்: நிர்வாகம், கற்பித்தல், ஆதரவு. நடைமுறையில் முதலாவது மற்ற இரண்டையும் விழுங்கிவிடுகிறது. ‘எந்தெந்த ரிப்போர்ட் பாக்கி?’ என்பதோடு சந்திப்பு முடிந்துவிடும். ‘அந்த வீட்டுக்குப் போக உனக்கு ஏன் பயமாக இருக்கிறது?’ என்று கேட்க நேரம் இருக்காது. அந்தப் பயத்தில்தான் சில நேரம் கேஸின் மிக முக்கியமான தகவல் ஒளிந்திருக்கும். பணியாளர் காரணம் சொல்லத் தெரியாமல் ஒரு வீட்டைத் தவிர்க்கிறார் என்றால், அங்கே இருக்கும் குழந்தைக்குத் தவிர்க்க வழியில்லை என்பதை யோசிக்கவேண்டும். வேலையை மதிப்பிடுபவரிடமே மனதைத் திறந்து பேசவேண்டியிருப்பது இன்னொரு சிக்கல். சம்பள உயர்வுக்குக் கையெழுத்துப் போடுபவரிடம் யார் பயத்தைச் சொல்வார்கள்?

வீட்டுக்குத் தனியாகப் போகும் வேலையில் தாக்குதல் ஆபத்தும் உண்டு. வேலையிட வன்முறைக்கு எதிரான சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 190ஆம் உடன்படிக்கை 2019இல் நிறைவேறியது. அதோடு வந்த பரிந்துரை, வன்முறைக்கு ஆளாகும் வாய்ப்பு கூடுதலாக உள்ள துறைகளில் சமூக சேவையையும் பெயர் சொல்லிக் குறிப்பிட்டது. தனியாக வேலை செய்வதையும் அது குறிப்பிட்டது.

கணினி மதிப்பீடுகளைப் பற்றிய விவாதம் இப்போது சூடாக இருக்கிறது. பென்சில்வேனியாவின் அலிகெனி கவுண்டியில் 2016 முதல் குழந்தைப் பாதுகாப்புப் புகார்களுக்கு ஆபத்து மதிப்பெண் போடும் முறை இருக்கிறது. ஆஸ்திரேலியாவில் சராசரி வருமானக் கணக்கை வைத்து உதவித்தொகை பெற்றவர்கள்மீது தானியங்கியாகக் கடன் சுமத்திய ரோபோடெப்ட் திட்டம் சட்டவிரோதமானது என்று தெரியவந்து, அதை விசாரித்த ராயல் கமிஷன் 2023இல் கடுமையான அறிக்கை தந்தது. குழந்தைப் பராமரிப்பு உதவித்தொகை பெற்ற குடும்பங்கள்மீது பொய்யாக மோசடிக் குற்றம் சுமத்திய விவகாரத்தில் நெதர்லாந்து அமைச்சரவை 2021 ஜனவரியில் ராஜினாமா செய்தது. இந்த முறைகள் நேரத்தை மிச்சப்படுத்தும் என்று சொல்லித்தான் வருகின்றன. மதிப்பெண்ணோடு உடன்படாத பணியாளர் அதற்கு விளக்கம் எழுதவேண்டும், உடன்படுபவர் எதையும் எழுதவேண்டாம் என்று வைத்தால், நேரமில்லாத பணியாளர் எந்தப் பக்கம் சாய்வார் என்பதை ஊகிக்கக் கணினி தேவையில்லை.

இவற்றையெல்லாம் பணியாளர்கள் கூடிப் பேசுவது வெறும் மன ஆறுதலுக்கா? 1930களின் பொருளாதார மந்தத்தில் அமெரிக்கச் சமூகப் பணியாளர்கள் சங்கம் கட்டினார்கள். நிவாரண அலுவலகங்களில் ஒவ்வொருவர் தலையிலும் தாங்கமுடியாத எண்ணிக்கையில் கேஸ்கள் விழுந்த காலம் அது. தங்கள் வேலை நிலைமையையும் நிவாரணம் கேட்டு வருபவர்களின் நிலைமையையும் ஒரே கோரிக்கைப் பட்டியலில் அவர்கள் வைத்தார்கள். உதவி கேட்டு வருபவரும் உதவுபவரும் கூலிக்கு உழைப்பவர்களே என்று பார்த்த அந்தப் பார்வை, மரபான துறைத் தலைவர்கள் பலருக்குப் பிடிக்கவில்லை.

இன்றைய அறநெறி ஆவணங்கள் அந்தப் பார்வைக்கு இடம் தருகின்றன. சமூகப் பணியின் சர்வதேச அமைப்புகள் 2018இல் டப்ளினில் ஏற்றுக்கொண்ட அறநெறி அறிக்கை, தன்னைப் பேணிக்கொள்வதும் பணியாளரின் கடமை என்கிறது; இந்த வரியை நிர்வாகங்கள் விரும்பி மேற்கோள் காட்டும். வசதிகள் போதவில்லை, கொள்கை தீங்கு செய்கிறது என்றால் அதை முதலாளி, கொள்கை வகுப்போர், பொதுமக்கள் ஆகியோரின் கவனத்துக்குக் கொண்டுவரவேண்டும், அப்படிச் செய்வதற்காகப் பணியாளர் தண்டிக்கப்படக்கூடாது என்றும் அதே ஆவணம் சொல்கிறது. இந்த வரியைச் சுவரில் ஒட்டியிருப்பதைப் பார்ப்பது அரிது.

கவனத்துக்குக் கொண்டுவருவதில் நடைமுறைத் தடை ஒன்று உண்டு. கேஸ் விவரம் ரகசியம். தனி மனிதரின் கதையை வெளியே சொல்லக்கூடாது, சொல்லாமல் நிலைமையை விளக்கவும் முடியாது. பலர் இந்த இடத்தில் வாயடைத்துப் போகிறார்கள். இதற்குச் சில குழுக்கள் கையாளும் வழி எளிமையானது: என்ன உதவி கொடுத்தோம் என்று பதியும் இடத்துக்குப் பக்கத்திலேயே, என்ன தேவைப்பட்டது, கொடுக்க முடியவில்லை, ஏன் என்று ஒரு வரி எழுதுவது. காப்பகத்தில் இடம் இல்லை. போதை மீட்பு மையத்தில் காத்திருப்பு. மொழிபெயர்ப்பாளர் வரவில்லை. எனக்கு நேரம் இல்லை. இந்தக் கடைசிக் காரணத்தை எழுத ஆரம்பத்தில் எல்லோரும் கூச்சப்படுவார்கள், தங்கள் திறமைக்குறைவாகத் தெரியும் என்று. பத்துப் பேர் எழுதிய பிறகு அது வேறுமாதிரி தெரியும்.

மாதக் கடைசியில் பெயர்களை நீக்கிவிட்டு எண்ணினால், யாருடைய ரகசியமும் கெடாமல் ஒரு பட்டியல் கிடைக்கும். கெல்லி பட்டறை பட்டறையாகப் போய்க் குறித்துவந்ததற்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை. இதுவும் இன்னொரு படிவமாகிவிடாதா என்ற கேள்வி நியாயமானதே. வேறொரு படிவத்தை நீக்கிவிட்டு அந்த இடத்தில் இதை வைக்கவேண்டும், எண்ணும் வேலையை அலுவலக நேரத்துக்குள் யாராவது ஒருவருக்கு ஒதுக்கவேண்டும். எந்தப் படிவத்தை நீக்குவது, யாருடைய எந்த நேரம் என்று கேட்கும்போதுதான் நிர்வாகத்தோடு பேச்சுவார்த்தை நிஜமாகத் தொடங்குகிறது.